பழைய ரஸ்தாவும் என் செருப்பும்

பார்வை இல்லாதவர்களுக்குத் தனியாக நடக்கக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். வெள்ளைக் கோலை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு அகலத்துக்கு வீசுவது, படிக்கட்டு வருவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதையே நானும் சொன்னால் கொட்டாவி விடுவீர்கள். நான் கெட்டிக்காரத்தனமாகச் செய்ததைச் சொல்வேன் என்று நினைத்து என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தால், மன்னிக்க வேண்டும், ஆள் மாறிப்போச்சு. நான் கோட்டைவிட்ட கதை ஒன்றுதான் கைவசம் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. பூந்தமல்லிப் பக்கம் எங்கள் பயிற்சி மையம். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தலையில் கொம்பு முளைத்திருந்த வயது. என்னிடம் கற்றுக்கொண்டவர் யாரும் தடுக்கி விழுந்ததில்லை என்று கேட்கிறவனிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

எங்கள் தலைமைப் பயிற்சியாளரின் பெயர் வேண்டாம். உயிரோடு இருந்தால் அவரே வேண்டாம் என்பார். என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் வாய் இருக்கிறதே, அப்பப்பா! நான் அறைக்குள் நுழைந்தால், "என்னய்யா, இன்னிக்கும் ஷேவ் பண்ணலையா? தாடையைச் சொறியற சத்தம் கேக்குதே" என்பார். எனக்கு அவரைக் கண்டால் பயம், கொஞ்சம் எரிச்சலும்கூட.

இனி சாலைக்கு வருகிறேன். குமணன்சாவடியிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு பழைய சாலை உண்டு. அந்தப் பக்கத்துக்காரர்கள் ரஸ்தா என்றுதான் சொல்வார்கள். பெங்களூர் நெடுஞ்சாலை நேராவதற்கு முன்னால் மாட்டு வண்டியும் பட்டாளமும் போன வழியாம். நெடுஞ்சாலை வேறு பக்கம் போனதும் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். சீமைக் கருவேலம் மண்டி, ஆடுகூட நுழையாத இடமாகக் கிடந்தது. நான் வேலைக்கு வந்த சமயத்தில்தான் அதற்கு நல்ல காலம் பிறந்தது. முள்ளை வெட்டி, சரளை கொட்டி, ரோலர் விட்டு அழுத்தினார்கள். இடிந்திருந்த செங்கல் பாலத்தைப் பழைய மாதிரியே சுண்ணாம்புக் காரை பூசி எடுத்துக் கட்டினார்கள். புதரில் குப்புற விழுந்து கிடந்த மைல்கற்களைத் தூக்கி நிறுத்தினார்கள். லாரி நுழையாதபடி இரண்டு முனையிலும் இரும்புக் கம்பம் நட்டார்கள். ஆறு கிலோமீட்டர். ஒரு பக்கம் முழுக்க ஏரி, இரண்டு ஓரத்திலும் புளியமரம். ஏற்றம் கிடையாது, பள்ளம் கிடையாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவர்கூடப் போய்வரலாம். அம்பத்தூர், ஆவடி தொழிற்சாலைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு புளிசாதம் கட்டிக்கொண்டு வந்து நடப்பார்கள். காலையில் கிளம்பினால் சாயந்திரம் வீடு.

எங்கள் மையத்தின் இறுதி நடையும் அந்தச் சாலையில்தான். பயிற்சி முடிகிறவர்கள் ஒரு நாள் முழுக்க அங்கே நடக்க வேண்டும். "பார்க்க அழகா இருக்கிற ரோட்டுக்குப் பார்வை இல்லாதவங்களை எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று ஒருவர் எங்கள் தலைமைப் பயிற்சியாளரிடம் கேட்டுத் தொலைத்தார். "புளியமரத்து நிழல்லேருந்து வெயிலுக்கும், வெயில்லேருந்து நிழலுக்கும் கண்ணை மூடிக்கிட்டு நடந்து பாரு. அப்புறம் வந்து பேசு" என்றார் இவர். நான் நடந்து பார்த்திருக்கிறேன். நெற்றியில் வெயிலும் நிழலும் மாறி மாறி விழும். ஏரிக் காற்று ஒரு கன்னத்தை மட்டும் தொட்டுக்கொண்டே வரும். மைல்கல்லில் பழைய தமிழ் எண் வெட்டியிருக்கும். படித்த எனக்கு அது புரியாது. அவர் விரலால் ஒரு தடவு தடவிச் சொல்லிவிடுவார்.

நடைக்கு முந்தைய நாள் சாலையின் வரைபடத்தை ஒரு பலகையில் செய்து கொடுப்போம். சாலைக்குத் தாம்புக் கயிறு, மைல்கல்லுக்குப் புளியங்கொட்டை, பாலத்துக்கு ஒரு தீக்குச்சி. அதைத் தடவித் தடவி மனப்பாடம் செய்துகொள்வார்கள். அந்த வருடம் பலகையைச் செய்தது நான். இதை நினைவில் வையுங்கள்.

நடக்கும்போது பயிற்சியாளர் பத்தடி பின்னால் போக வேண்டும். தொடக்கூடாது, பேசக்கூடாது. ஆபத்து என்றால் மட்டும் வாயைத் திறக்கலாம்.

அந்த வருடம் என்னிடம் இருந்தவர் அந்தோணி. ஆவடிக்காரர். நாற்பதைத் தாண்டியவர். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டியவர். வேலை நேரத்தில் முகத்தில் ஏதோ தெறித்து இரண்டு கண்ணும் போயிற்று. அதன் பிறகு இரண்டு வருடம் வீட்டிலேயே கிடந்தார். அவர் மனைவி ஸ்டெல்லா தையல் வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருந்தார். கூடவே என்றால் கூடவேதான். அந்தோணி ஒரு அடி வைத்தால் ஸ்டெல்லா இரண்டு வார்த்தை சொல்வார். "பள்ளம் கீது, பாத்து." "ஆடு வருது, நில்லு." "கல்லு கீது, காலைத் தூக்கு." ஆறு வாரமும் தினம் அவரைச் சட்டை முனையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, சாயந்திரம்வரை எங்கள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, திரும்பக் கூட்டிக்கொண்டு போவார்.

கம்பெனி நல்ல கம்பெனி. பேக்கிங் பிரிவில் ஓர் இடத்தை அந்தோணிக்காகக் காலியாக வைத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. யாரும் கைபிடித்துக் கூட்டிவராமல் ஆவடியிலிருந்து தானாக வந்து போக வேண்டும். அவரால் அது முடியும் என்று பயிற்சியாளர் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று அந்த மாதக் கடைசிக்குள் வேண்டும். இறுதி நடையில் தேறாதவர் அடுத்த நடைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஆறு மாதம் அந்த இடம் காத்திருக்காது. ஆக, அந்தோணிக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காததும் என் கையெழுத்தில் இருந்தது. காகிதத்தைத் தட்டச்சு செய்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அன்று காலை கிளம்பினேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. ஆறு வாரத்தில் அந்தோணி மாதிரி ஒருவரை நான் பார்த்ததில்லை. வளைவு வந்தால் வளைவார். பள்ளம் வந்தால் நிற்பார். ஒரு தரம் சொன்னால் போதும்.

அன்றைக்கும் அப்படித்தான். குமணன்சாவடி முனையில் கம்பத்தைத் தாண்டியதிலிருந்து ஏரியின் அடுத்த முனைவரை ஒரு பிசகு இல்லை. பாலத்தில் நின்று காரையைத் தடவிப் பார்த்தார். ஓரம் உடைந்த மைல்கல் ஒன்றைத் தட்டிப் பார்த்து, "இதுக்கும் அடிபட்டுக்கீது பாவம்" என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். ஸ்டெல்லா எங்களுக்குப் பின்னால் வெகு தூரத்தில் வந்தார், வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு. பேசாமல் இருப்பேன் என்று மாதா மேல் சத்தியம் வாங்கிய பிறகுதான் அவரைக் கூட வர விட்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். மற்ற பயிற்சியாளர்களும் அவர்களுடைய ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். நான் காகிதத்தை எடுத்து, பேனா மூடியைத் திறந்தேன்.

"யாருக்குக் கையெழுத்துப் போடப் போறே?" என்றார் தலைமைப் பயிற்சியாளர். அவர் கடைசி ஒரு மைல் எங்களுக்குப் பின்னால் நடந்து வந்திருந்தார்.

"அந்தோணிக்கு சார். கேட்டீங்களே, எப்படி நடந்தாரு!"

"கேட்டேன். உன் செருப்புக்குப் போடு கையெழுத்தை. அதுதான் நடந்தது."

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "உன் தோல் செருப்பு கிரீச் கிரீச்சுன்னு கத்துது. அவர் வளைவுக்கு வர்றதுக்கு ரெண்டு அடி முன்னாடியே நீ நடையைச் சுருக்கறே. எதிரே ஆள் வந்தா நிக்கறே. நீ நின்னா அவர் நிக்கறார். அவர் கோல் சும்மா தரையைத் தட்டிக்கிட்டுத்தான் வருது. காது முழுக்க உன் காலடியிலே இருக்கு."

"இல்ல சார், இருக்காது."

"இருக்காதா? அதோ அந்த நேரான இடத்துல அவரை நடக்க விடு. நடுவுல காரணமே இல்லாம சட்டுனு நில்லு."

நடக்க விட்டேன். அம்பு விட்ட மாதிரி நேரான சாலை. முப்பதடி போனதும் நான் நின்றேன். அந்தோணி நின்றார். கோலை இடது பக்கமும் வலது பக்கமும் வீசி இல்லாத ஒரு வளைவைத் தேடினார். பிறகு தலையைத் திருப்பி, "வளைவு எந்தப் பக்கம் சார்? கிடைக்க மாட்டேங்குதே" என்றார்.

ஐயோ! இந்த மனுஷனை நாளைக்கு ஆவடி பஸ் ஸ்டாண்டில் தனியாக விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் மேல் தப்பே இல்லை. காது இருக்கிறவர் கேட்டதைப் பிடித்துக்கொண்டார். ஆறு வாரமாக என் செருப்பைக் கற்றுக்கொடுத்துவிட்டு, சாலையைக் கற்றுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

சொல்லாமல் மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. உங்களிடம் பொய் சொல்வானேன், தோன்றியது. காகிதம் கையில் இருக்கிறது, வேலை காத்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் தனியாக ஒரு வாரம் பயிற்சி கொடுத்துச் சரி செய்துவிடலாம் என்றது மனசு. தலைமைப் பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றார். எதற்கெடுத்தாலும் பேசுகிற மனுஷன், அப்போது பார்த்து வாயே திறக்கவில்லை. முடிவு என்னுடையது என்று விட்டுவிட்டார்.

அந்தோணியிடம் போய்ச் சொன்னேன். ஸ்டெல்லாவும் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடிப்பதற்குள் அவர் பொங்கிவிட்டார்.

"இன்னா சார் இது? ஆறு வாரமா தெனம் ரெண்டு பஸ் மாறி இட்டுகினு வந்தனே, உன் செருப்பைக் கத்துக் குடுக்கவா? கம்பெனிக்காரன் கேட்டா இன்னா சொல்லுவேன்? வாத்தியார் செருப்பையும் கூடவே அனுப்பறேன்னு சொல்லவா?"

நியாயமான கேள்வி. அந்தோணி கோலை ஊன்றி எழுந்தார்.

"திரும்பிப் போற ரோடும் அதே ரோடுதானே?"

"ஆமாண்ணே."

"நான் தனியா போறேன். ஒருத்தரும் பின்னாடி வராதீங்க. அந்த முனை டீக்கடையில குந்திகினு இருக்கேன், உங்க வேன் அங்க வரட்டும்." ஸ்டெல்லா எழுந்தார். "உனுக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்றார் அந்தோணி, அவர் இருந்த பக்கம் திரும்பாமலே. சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

தலைமைப் பயிற்சியாளர் என் தோளைப் பிடித்தார். "செருப்பைக் கழட்டு. சாவிக்கொத்தை என்கிட்ட குடு. இதுதான் இப்போ அவரோட சோதனை. நாற்பதடி பின்னால போ. அந்த அம்மாவையும் கூட்டிக்கோ, விட்டா தனியா ஓடி வருவாங்க. தப்புக்கு வாயைத் திறக்காதே. ஆபத்துக்குத் திற. ரெண்டுக்கும் நடுவுல எத்தனை அடின்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

செருப்பைக் கழற்றினேன். ஸ்டெல்லாவும் கழற்றிவிட்டு, கண்ணாடி வளையல்களை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். இரண்டு பேரும் சரளையில் இறங்கினோம். பிற்பகல் வெயில். நிழல் இருக்கும் இடம்வரை பரவாயில்லை, மரத்துக்கு மரம் இடைவெளி வந்தால் அடுப்பில் கால் வைத்த மாதிரி இருந்தது. நான் ஒரு காலில் குதிக்கிறேன், அந்த அம்மா ஒரு காலில் குதிக்கிறார், சத்தம் மட்டும் வரக்கூடாது. யாராவது பார்த்திருந்தால் கோழி திருட வந்தவர்கள் என்று பிடித்துக்கொடுத்திருப்பார்கள்.

முன்னால் அந்தோணி மெதுவாகப் போனார். காலையில் நடந்த மனுஷர் இல்லை அவர். முதல் வளைவிலேயே சாலையை விட்டு இறங்கிப் புல்லுக்குள் போய்விட்டார். நின்றார். கோலால் துழாவினார். சரளை தட்டுப்பட்டதும் ஏறினார். இரண்டாவது வளைவில் மரத்தில் தோள் இடித்தது. பக்கத்தில் ஸ்டெல்லா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வளைவில் புல்லில் இறங்காமல் திரும்பினார். கோலின் வீச்சு அகலமாயிற்று. இப்போதுதான் அந்தக் கோல் வேலை செய்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கற்றுக்கொடுத்தவன் நான், கண்ணால் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

அப்படியே போயிருந்தால் கதை இல்லை. பாதிக்கு மேல் வந்ததும், தூரத்தில் சாலை இரண்டாகப் பிரிவதைப் பார்த்தேன்.

அது மதகுப் பாதை. ஏரியைத் திறந்துவிடும் மதகுக்குப் போகும் சின்னக் கிளை. காலையில் போகும்போது அது வலது பக்கம் பின்னாலிருந்து வந்து சேரும். இடது ஓரமாக நடக்கிறவருக்கு அது இருப்பதே தெரியாது. அதனால் பலகையில் அதை வைக்காமல் விட்டுவிட்டேன். எதற்கு வீண் குழப்பம் என்று! திரும்பி வரும்போது அது இடது பக்கம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் என்று யோசிக்கவில்லை. இடது ஓரத்தைக் கோலால் தொட்டுக்கொண்டே போவதுதான் நாங்கள் சொல்லிக்கொடுத்த முறை. அந்த முறைப்படி ஒழுங்காக நடக்கிறவர் நேராக மதகுக்குப் போவார். அங்கே நாலு படி. படிக்குக் கீழே தண்ணீர்.

அந்தோணி பிரிவுக்கு வந்தார். ஏதோ சரியில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். நின்றுவிட்டார். திரும்பி, நாங்கள் இருந்த பக்கம் முகத்தைக் காட்டினார்.

"சார்... கீறீங்களா?"

நாங்கள் நின்ற இடத்தில் நின்றோம்.

"சார்!" கொஞ்சம் பொறுத்து, "ஸ்டெல்லா... ஏ ஸ்டெல்லா, கீறியா?"

ஸ்டெல்லா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டுகிறது. இரண்டு வருடமாக அந்த மனுஷர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஸ்டெல்லா பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை. நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று. என் முகத்தை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டவனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். ஆனால் பேசவில்லை.

"ஒரு பேமானியும் இல்லியா இங்க?" என்று கத்தினார் அந்தோணி. "நல்லாக் கீதுடா உங்க நியாயம். போங்கன்னு சொன்னா நெஜமாவே பூடறதா?" காறித் துப்பினார். பிறகு இடது ஓரத்தைக் கோலால் தொட்டுக்கொண்டு மதகுப் பாதையில் நடந்தார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். வாயைத் திறந்தால் சோதனை முடிந்துபோகும், வேலையும் போகும். அதுவும் என் பலகையில் இருந்த பிழையால் போகும். திறக்காவிட்டால் தண்ணீர். என் தப்பை நினைத்து நினைத்து மருகிக்கொண்டிருந்தால் ஆளை விட்டுவிடுவேன் என்று புரிந்தது. அழுகையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் அடியை எண்ணு என்று சொல்லிக்கொண்டேன். மதகுவரை அறுபது எழுபது அடி இருக்கும். ஸ்டெல்லாவை அங்கேயே நிற்கச் சொல்லி ஜாடை காட்டிவிட்டு, பாதைக்கு வெளியே புல்லில் இறங்கி, சுற்றிக்கொண்டு ஓடினேன். முள் ஏறியது. ஏறட்டும் என்று ஓடினேன். அவருக்கு முன்னால் போய், மதகின் மேல் படியில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் நெஞ்சு என் கையில் பட்டால் பிடித்துக்கொள்வேன். பட்டால் சோதனை முடிந்தது. அதுவரை மூச்சுகூட விடுவதில்லை.

வந்தார். பத்தடி. ஆறடி. என் விரலுக்கும் அவர் சட்டைப் பொத்தானுக்கும் ஒரு முழம் இருக்கும்போது கோல் நுனி கருங்கல்லில் பட்டு, டக்கென்றது. நின்றார். இன்னொரு தரம் தட்டினார். அவர் மூச்சு என் முகத்தில் படுகிறது. நான் கல்லாகச் சமைந்து நிற்கிறேன்.

"இன்னாடா இது," என்றார் தனக்குள்ளே. "சரளையைக் காணோம். தண்ணி வாசனை அடிக்குது." முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். "காத்து இடது கன்னத்துல இல்ல அடிக்கணும்? மூஞ்சிக்கு நேரா அடிக்குதே. அப்போ ஏரியைப் பாக்கப் போய்க்கினு கீறேன் நானு."

சிரித்தார். அந்த இடத்தில், தண்ணீருக்கு நாலு படி மேலே நின்றுகொண்டு, சத்தமாகச் சிரித்தார். அப்படியே திரும்பி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வந்த வழியே நடந்தார். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிரிவுக்குப் போய், காற்று இடது கன்னத்துக்கு வரும்வரை மெல்லச் சுற்றி நின்றார். பிறகு வலது ஓரத்தைக் கோலால் தொட்டுக்கொண்டு வலது கிளையில் போனார். கொஞ்ச தூரத்தில் அந்த ஓரம் உடைந்த மைல்கல். கோல் பட்டதும் குனிந்து, விரலால் தடவினார். "கீறியாடா நீ" என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அதற்கப்புறம் அவர் நடை மாறிவிட்டது. வெயில், நிழல், வெயில், நிழல் என்று மாறிக்கொண்டே இருந்த அந்தச் சாலையில், மாலைக் காற்று வாங்க வந்தவர் மாதிரி போனார். எதிரே நடந்து வந்த ஒரு குடும்பத்துக்கு வழிவிட்டு ஒதுங்கினார். அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஏதோ கேட்க, "தோ, அந்தாண்ட ஏரி கீது பாரும்மா, சூப்பரா இருக்கும்" என்று கையைக் காட்டினார். சரியான பக்கம்தான் காட்டினார். நானும் ஸ்டெல்லாவும் நொண்டிக்கொண்டே பின்னால் போனோம்.

கம்பத்தைத் தாண்டி குமணன்சாவடிச் சந்திப்பு. லாரியும் பஸ்ஸும் ஹாரனும் ஒரே களேபரம். சாலை முனையிலேயே டீக்கடை. அந்தோணி பாய்லர் சத்தத்தை வைத்துக் கடையைக் கண்டுபிடித்து, பெஞ்சைத் தடவி உட்கார்ந்தார். நாங்கள் பக்கத்துப் பூவரச மரத்தடியில் ஒதுங்கி நின்றோம். வேன் இன்னும் வந்திருக்கவில்லை. கிட்டே போய்ப் பேசலாம் என்று நான் அடி எடுத்து வைத்தேன். ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இரு சார். டீ குடிக்கட்டும்."

டீயைக் குடித்து முடித்தார். கண்ணாடி டம்ளரை நீட்டிக்கொண்டே, "அண்ணாத்தே, ஆவடி வண்டி வந்தா ஒரு கொரல் குடு" என்றார் கடைக்காரரிடம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேனுக்குத்தானே காத்திருக்கிறேன் என்றார்? ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ் வந்தது. "தோ வந்துட்டான் நைனா, பின்னாடி படி" என்றார் கடைக்காரர். அந்தோணி எழுந்தார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, பஸ்ஸின் பக்கவாட்டைக் கோலால் தொட்டு, படியைத் தேடிப் பிடித்து ஏறினார். யாரோ உள்ளேயிருந்து கை கொடுக்க வந்தார்கள். "வேணாம் வேணாம், நானே வந்துக்கறேன்" என்ற குரல் எங்களுக்குக் கேட்டது. விசில். பஸ் கிளம்பிவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் வெறுங்காலோடு நடுத்தெருவில் நின்றோம்.

"சார்," என்றார் ஸ்டெல்லா. "என்னை வுட்டுட்டுப் போறாரு சார்!"

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஓடிப்போய் அடுத்த நிறுத்தத்தில் பிடித்துவிடலாமா, ஆட்டோ பிடிக்கட்டுமா என்று பதறினேன். அவர் காதில் வாங்கவே இல்லை. டீக்கடைப் பெஞ்சில், அந்தோணி உட்கார்ந்திருந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தார். நான் காகிதத்தை எடுத்து, எச்சில் டம்ளர்களை நகர்த்திவிட்டு, அந்தக் கடை மேசை மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அவரிடம் கொடுத்தேன். வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்து, மடித்து, ரவிக்கைக்குள் இருந்த பர்ஸில் வைத்தார். வைக்கும்போது விரலில் ஏதோ தட்டுப்பட, அதை வெளியே எடுத்துப் பார்த்தார்.

"ஊட்டுச் சாவி எங்கிட்டதான் கீது சார்" என்றார்.

"ஐயையோ! அப்போ அவரு வாசல்ல நிப்பாரே! சீக்கிரம் கிளம்புங்கம்மா, அடுத்த ஆவடி பஸ் இதோ வருது பாருங்க."

வந்தது. நின்றது. ஆள் ஏற்றியது. ஸ்டெல்லா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கால்களைப் பெஞ்சுக்கு மேல் தூக்கி, பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு, கடைக்காரரிடம் டீ சொன்னார்.

"நிக்கட்டும் சார். ரெண்டு வருசமா எந்த வாசல்லயாவது நான்தானே குந்திகினு இருந்தேன். இன்னிக்கி ஒரு நாளு அவரு நிக்கட்டும். நான் நிம்மதியா ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."